கடலோர வீட்டில் புகைப்படத்துக்கு மவுண்ட் போட்டுப் பிரேம் செய்வது: அளவெடுப்பதிலிருந்து ஆணி வரை

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பிரேமுக்குள் இருக்கும் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். படத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பிய ஜெலட்டின் கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், தொடாவிட்டாலும் பூஞ்சை அதைத் தின்னும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தாலே பூஞ்சைக்குப் போதும். நம் ஊரில் ஆண்டின் பல மாதங்கள் அதற்கு மேல்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். பிரேமுக்குள் வைத்த படத்தை எந்த நாளும், எந்தச் சேதமும் இல்லாமல், வைத்தபடியே வெளியே எடுக்க முடியவேண்டும். இங்கே என்றாவது ஒருநாள் அதைத் திறக்கத்தான் போகிறோம்.

1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் பொருள் வாங்குவதில் தொடங்குகிறார்கள். நாள் பார்ப்பதில் தொடங்குவதே சரி. காகிதமும் மவுண்ட் போர்டும் (படத்தைச் சுற்றி ஓரமாக வரும் தடித்த அட்டை) சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை செய்து மூடினால், அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் உள்ளே அடைக்கிறீர்கள். பிறகு வெயில் படும்போது அது கண்ணாடியின் உட்புறம் பனித்து நிற்கும்.

பிப்ரவரி முதல் மே வரை, மழை பெய்து சில நாட்களாவது ஆன ஒரு நாளைப் பாருங்கள். முற்பகல் பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள், விடியற்காலைக் காற்று ஈரமாக இருக்கும். வெட்ட வேண்டிய போர்டு, படம், பின்பலகை மூன்றையும் முந்தைய நாளே ஒரே அறையில் வைத்துவிடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து எடுத்துவந்த கண்ணாடியை வெளியறையில் உடனே மூடாதீர்கள். குளிர்ந்த பரப்பில் ஈரம் படியும்.

மழைக்காலத்தில்தான் செய்தாக வேண்டும் என்றால், ஏ.சி.யை இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, எல்லாப் பொருளையும் அந்த அறையிலேயே வைத்து, அங்கேயே மூடுங்கள்.

2. அசலை வைப்பதா, நகலை வைப்பதா

தாத்தா பாட்டியின் ஒரே படம், திருமணத்தன்று ஸ்டுடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் போன்றவற்றைச் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். ஸ்கேன் செய்து, நகலைப் பிரேம் போடுங்கள். அசலை அமிலமில்லாத காகித உறையில் பீரோவில் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி நிற்காத பீரோவாக இருக்கட்டும். வெளிச்சம் எந்தப் படத்தையும் மெல்ல வெளுக்க வைக்கும், அதைத் திருப்ப வழியில்லை.

இதில் நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் இறந்ததும் பதினாறாம் நாள் காரியத்துக்குள் பெரிய படம் வேண்டும் என்று அவசரப்படுவோம். கையிலிருக்கும் ஒரே படத்தைக் கொடுத்து லேமினேஷன் செய்யச் சொல்லிவிடுவார்கள். சூட்டிலும் பசையிலும் பலகையோடு ஒட்டிய படம் பிறகு பிரியாது. கடைக்குக் கொண்டுபோகும் முன் கைபேசியிலாவது, ஜன்னலோர நிழலில், நேர் மேலிருந்து ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ஒட்டுவதற்கு நகலை மட்டும் கொடுங்கள்.

பழைய பிரேமில் படம் ஏற்கெனவே கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள், பிளேடும் விடாதீர்கள். மேல்தோல் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படமென்றால் ஒரு முழு நாளாவது திறந்து காயட்டும். மையிலுள்ள கரைப்பான் மெல்ல ஆவியாகும். உடனே மூடினால் கண்ணாடியில் மங்கலாகப் படியும். ஸ்டுடியோ லேப் பிரிண்டுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

3. என்னென்ன வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது

மவுண்ட் போர்டு: அமிலமில்லாதது என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண போர்டின் நடுப்பகுதி மரக்கூழ். சில ஆண்டுகளில் வெட்டிய விளிம்பு பழுப்பாகி, படத்தின் ஓரத்திலும் அதே பழுப்புக் கோடு விழும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் போதும். ஒரு படத்துக்கு இரண்டு துண்டு வேண்டும். ஒன்று ஜன்னல், அதாவது படம் தெரியும் திறப்பு, வெட்ட, இன்னொன்று படத்தின் பின்னால் வைக்க. பலர் பின்துண்டை விட்டுவிட்டுப் படத்தை நேரே ஹார்டுபோர்டின் மேல் வைக்கிறார்கள். ஹார்டுபோர்டின் அமிலமும் கறையும் படத்தின் முதுகில் ஏறும்.

காகிதம்: படத்தைப் பிடித்து நிறுத்தும் பட்டைகளுக்குச் சாயமில்லாத வெள்ளைப் பருத்திக் காகிதம் ஒரு தாள் போதும். புதுச்சேரியில் எஸ்.வி. படேல் சாலையிலுள்ள அரவிந்தர் ஆசிரமக் கைவினைக் காகிதக் கூடத்தில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்த காகிதம் கிடைக்கும். பூவிதழ் பதித்தது, மார்பிள் நிறம் பூசியது எல்லாம் அழகுதான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. சாயம் ஈரத்தில் இறங்கும்.

பின்பலகை: 3 மி.மீ. சன்பேக் ஷீட். தேர்தல் பலகை, கடை விளம்பரப் பலகை செய்வார்களே, அந்தப் பள்ளம் ஓடிய பிளாஸ்டிக். ஈரம் உறிஞ்சாது, கரையான் தொடாது, வெறும் கத்தியால் வெட்டலாம். எம்.டி.எஃப். பலகை ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு ஓரத்தில் உப்பும்.

கண்ணாடி: 2 மி.மீ. சாதாரணக் கண்ணாடி. 12×18 அங்குலத்துக்கு அது கிட்டத்தட்ட 700 கிராம் எடை. அதைவிடப் பெரிய படமென்றால் அக்ரிலிக் பாருங்கள், எடை பாதிக்கும் குறைவு. கண்கூசாத சொரசொரப்புக் கண்ணாடியை நான் பரிந்துரைப்பதில்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்டின் இடைவெளி வந்ததும் படம் கலங்கித் தெரியும்.

இவை போக இரும்பு ஸ்கேல், புது பிளேடுகள் போட்ட கட்டர், பென்சில், அமிலமில்லாத காகித டேப், ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் அலுமினிய டேப்.

செலோடேப், இருபக்க டேப், ஃபெவிக்கால், ரப்பர் பசை ஆகியவற்றை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கடைசியில் அவசரத்துக்கு அதைத்தான் எடுப்போம். வெயிலில் பசை இளகிப் படத்துக்குள் ஊறும், பின் மஞ்சளாகி இறுகும். மைதாப் பசையும் வேண்டாம், வெள்ளிப் பூச்சிக்கு அது விருந்து.

4. அளவு: படத்திலிருந்து வெளியே போங்கள்

அழகான பிரேமைப் பார்த்து வாங்கி வந்து, அதற்குள் படத்தைத் திணிப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கடைசியில் மவுண்டுக்கு இடமிருக்காது, படம் கண்ணாடியோடு முகம் உரசும். வரிசை இதுதான்: படம், ஜன்னல், மவுண்டின் வெளியளவு, அதன்பிறகே பிரேம்.

மில்லிமீட்டரில் அளவெடுங்கள். அங்குலத்தில் கால், அரைக்கால் என்று கணக்குப் போடும்போதுதான் பிசகு வருகிறது. லேபில் '8×12' என்று கொடுத்தாலும் கைக்கு வந்த படத்தை அளந்து பாருங்கள், ஓரிரு மில்லிமீட்டர் குறைந்திருக்கலாம்.

படம் 203×305 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் ஒவ்வொரு பக்கமும் படத்தை 5 மி.மீ. மூடவேண்டும். அப்படியானால் ஜன்னல் 193×295. கடைகளில் 3 மி.மீ.தான் மூடுவார்கள். நாம் பசையில்லாமல் காகிதப் பட்டையால் படத்தைப் பிடிக்கப் போகிறோம், அந்தப் பட்டை ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கூடுதல் 2 மி.மீ.

மவுண்டின் வெளியளவு 305×406, அதாவது 12×16 அங்குலம். இடம் வலம் தலா 56 மி.மீ. ஓரம் வரும். உயரத்தில் மீதமிருப்பது 111. அதை மேலே 53, கீழே 58 என்று பிரியுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் படம் கீழே சரிந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றும்.

பிரேமுக்குச் சொல்லும்போது 'காடி அளவு 308×409' என்று சொல்லுங்கள். காடி என்பது கண்ணாடி உட்காரும் உள்பள்ளம். வெறும் அளவைச் சொன்னால் சிலர் வெளியளவாக எடுத்துக்கொள்வார்கள். 3 மி.மீ. கூடுதல் எதற்கு? போர்டு ஈரத்தில் சற்று நீளும், இடமில்லாவிட்டால் நடுவில் வளையும். காடியின் ஆழத்தையும் கேளுங்கள். கண்ணாடி 2, போர்டு இரண்டும் சேர்த்து 3, பின்பலகை 3, ஆக 8 மி.மீ. காடி 10 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

நான்கு மூலையையும் 45 பாகையில் வெட்டிச் சேர்ப்பது வீட்டுக் கருவிக்கு அடங்காத வேலை. பிரேம் சட்டத்தைக் கடையில் செய்யச் சொல்லி, வெறும் சட்டமாக வாங்கி வாருங்கள். கவனம் தேவைப்படும் உள்வேலையை வீட்டில் செய்வோம்.

5. ஜன்னல் வெட்டுதல்

போர்டின் பின்பக்கம் கோடு போடுங்கள். முன்பக்கம் பென்சில் தடம் அழித்தாலும் போகாது. '58' வரும் பக்கத்தில் உடனே 'கீழ்' என்று எழுதிவிடுங்கள்.

அடியில் வேறொரு பழைய போர்டை வைத்து, புது பிளேடு மாட்டி, இரும்பு ஸ்கேலை ஓரப்பகுதியின் மேல் வையுங்கள், வெளியே விழப்போகும் துண்டின் மேல் வைக்காதீர்கள். கத்தி வழுக்கினால் விழும் துண்டில்தான் கீறும், மவுண்ட் தப்பிக்கும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்ப்பவர்களுக்கு விளிம்பு பிசிறும். முதல் இழுப்பு லேசாகத் தடம் போட மட்டும். பிறகு மூன்று நான்கு தடவை அதே அழுத்தத்தில் இழுங்கள்.

மூலைக்கு வரும்போது கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வெட்டலாம், அதற்கு மேல் போனால் முன்பக்கம் கீறல் தெரியும். நான்கு பக்கமும் வெட்டிய பிறகும் துண்டு விழாவிட்டால் கையால் அழுத்தாதீர்கள். மூலையில் பிளேடை நுழைத்து ஒட்டியிருக்கும் நாரை அறுங்கள். அழுத்தித் தள்ளினால் மேல்தாள் கிழியும், அந்தப் போர்டு வீண். சாய்வான விளிம்பு வேண்டுமென்று முதல் படத்திலேயே ஆசைப்பட வேண்டாம். நேர்வெட்டு சுத்தமாக இருந்தாலே படம் எடுப்பாக இருக்கும்.

6. படத்தைப் பசையில்லாமல் உட்கார வைத்தல்

ஜன்னல் போர்டையும் பின்போர்டையும் மேல்விளிம்பில் காகித டேப்பால் புத்தகம்போல இணையுங்கள். பின்போர்டின் மேல் படத்தை வைத்து, ஜன்னலை மூடி, ஜன்னல் வழியே பார்த்து நகர்த்திச் சரிசெய்யுங்கள். சுத்தமான துணியில் சுற்றிய சிறு எடையைப் படத்தின் நடுவில் வைத்து, ஜன்னலைத் திறந்து, படத்தின் கீழ் மூலை இரண்டையும் பக்கவாட்டு விளிம்புகளையும் பின்போர்டில் மெல்லிய பென்சிலால் குறியுங்கள். படத்தை எடுத்துவிடுங்கள்.

இப்போது பருத்திக் காகிதத்தில் 25 மி.மீ. அகலப் பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 4 மி.மீ. உதடு விட்டு நீளவாக்கில் மடியுங்கள். மடிப்பு படத்தின் விளிம்புக் குறியில் நிற்க வேண்டும், குட்டை உதடு படத்தின் முகத்தைப் பிடிக்கும், அகலமான பகுதி படத்துக்கு அடியில் போகும். அந்த அகலப் பகுதியின் ஓரத்தைக் காகித டேப்பால் போர்டில் ஒட்டுங்கள். டேப்பின் பசை கீழ்நோக்கி இருப்பதால் படத்தில் படாது, ஓரத்தில் பசை பிதுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே ஒரு நீளமான பட்டை, இடமும் வலமும் 8 செ.மீ. நீளத்தில் ஒவ்வொன்று. மேலே பட்டை வேண்டாம். படத்தை மேலிருந்து சட்டைப் பையில் செருகுவதுபோல இறக்குங்கள். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் மழைக்காலத்தில் படம் நீண்டு நடுவில் அலைபோல் வளையும். பலர் அந்த அலையைப் பார்த்துவிட்டு 'ஒட்டியிருக்கலாமே' என்கிறார்கள். இறுக்கத்தால்தான் அந்த அலை வருகிறது, பசை இல்லாததால் அல்ல.

படத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் விழுந்த இடத்தில்தான் பூஞ்சை முதலில் முளைக்கும்.

7. கண்ணாடி துடைத்தல்

கண்ணாடியை வேறு அறையில் துடையுங்கள். விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கையுறை போடுங்கள். சிறிது தண்ணீர், துவைத்துப் பழகிய வேட்டித் துணி, பிறகு உலர்ந்த துணி. துடைத்த பின் கால் மணி நேரமாவது நிறுத்தி வைத்து முழுதாகக் காயவிடுங்கள், ஓரத்தில் தங்கும் ஒரு துளி நீரும் உள்ளே போகக் கூடாது. அக்ரிலிக் என்றால் அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் ஸ்பிரிட்டும் ஆகாது, மங்கிவிடும்.

8. அடுக்கி மூடுதல்

மின்விசிறியை நிறுத்துங்கள். மவுண்டின் மேல் கண்ணாடியை இறக்கி, சேர்த்து நிமிர்த்தி, அறை ஜன்னலின் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தூசி, தலைமுடி, கொசு எல்லாம் இப்போதுதான் தெரியும். மூடிய பிறகு தெரிந்தால் எல்லாம் முதலிலிருந்து. இந்த ஒரு பார்வைக்கு அவசரப்படாதீர்கள்.

பின்பலகையைச் சேர்த்து, நான்கு அடுக்கின் விளிம்பையும் சுற்றி அலுமினிய டேப் ஒட்டுங்கள். கண்ணாடி முகத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஏறக் கூடாது, பிரேமின் உதடு அதை மறைக்க வேண்டும். சன்பேக் ஷீட்டின் பள்ளம் திறந்திருக்கும் இரண்டு முனைகளும் டேப்புக்குள் அடங்கிவிட்டனவா என்று பாருங்கள். பூச்சி அந்த வழியாகத்தான் நுழையும்.

இந்த டேப்தான் கடற்காற்றுக்கு நாம் போடும் கதவு. முதல் படியில் நாள் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். உள்ளே காய்ந்திருந்தால் கதவு காப்பாற்றும், ஈரமாக இருந்தால் அதே கதவு சிறை வைக்கும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமோ அந்துருண்டையோ போடாதீர்கள். ஜெல் சீக்கிரமே ஈரத்தால் நிறைந்துவிடும், அந்துருண்டையின் ஆவி படத்துக்கு ஆகாது.

மூட்டையைப் பிரேமில் இறக்கி, சிறு வளைதகடுகளால் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துங்கள். ஆணி அடித்தால் அதிர்ச்சியில் கண்ணாடி விரியக்கூடும்.

9. சுவரும் தொங்கலும்

எந்தச் சுவர் என்பதைத் தீர்மானியுங்கள். குளியலறைக்குப் பின்சுவர், மழை நேரே அடிக்கும் வெளிச்சுவர், உவர் பூத்த சுவர் மூன்றும் கூடாது. சந்தேகமென்றால் ஒரு சாண் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் சுவரில் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் அந்தச் சுவரை மறந்துவிடுங்கள். காலை வெயில் நேரே விழும் சுவரும் வேண்டாம்.

இரும்பு ஆணியும் இரும்புக் கம்பியும் உப்புக்காற்றில் அரித்து ஒருநாள் அறுந்து விழும். எஸ்.எஸ். ஸ்க்ரூ, பித்தளை வளையம், நைலான் கயிறு வாங்குங்கள். புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புப் பூச்சு வீடுகளில் கான்கிரீட் ஆணி அடித்தால் பூச்சு தட்டுத் தட்டாகப் பெயரும். டிரில்லில் சுத்தியல் அதிர்வை அணைத்துவிட்டு, 6 மி.மீ. துளை போட்டு, பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை போகும் நீளத்தில் பிளக் வையுங்கள்.

பிரேமின் கீழ் மூலைகளில் தக்கை அல்லது ரப்பர்த் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் காற்று ஓட அரை சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். சுவரோடு ஒட்டிக் கிடக்கும் பிரேமின் முதுகுதான் முதலில் கறுக்கும்.

10. மாலை, பொட்டு, விளக்கு

முன்னோர் படத்துக்குப் பூமாலை போடாமல் இருக்க மாட்டோம், போடவும் வேண்டும். ஆனால் மல்லிகையும் சாமந்தியும் சொட்டும் நீர் கண்ணாடி வழியே இறங்கிப் பிரேமின் கீழ்க்காடியில் தேங்கும். பூஜையறைப் படங்களில் கீழிருந்து மேலே ஏறும் பூஞ்சைக்கு இதுவே பெரிய காரணம். மாலைக்கென்று பிரேமுக்கு மேலே சுவரில் தனி ஆணி வையுங்கள். நீர் உதறிய மாலையைப் போட்டு, மறுநாளே எடுத்துவிடுங்கள். சந்தனப் பொட்டைத் தண்ணீர் தெளித்துக் கழுவாமல், பிழிந்த துணியால் எடுங்கள். விளக்குச் சுடர் படத்துக்கு நேர் கீழே வேண்டாம்.

11. ஆண்டுக்கொரு சோதனை, புயலுக்கு முன்னும் பின்னும்

போகிக்கு வீடு துடைக்கும்போது பிரேம்களையும் இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். குளவிக்கூடு, பல்லி முட்டை, டேப் பிரிந்த இடம், கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோல் ஒரு படலம். படலம் தெரிந்தால் பிப்ரவரியில் திறந்து, எல்லாவற்றையும் காற்றாட வைத்து, புது டேப்பால் மூடுங்கள்.

2011 டிசம்பர் 30 தானே புயலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் நம் கரையில்தான் ஏறின. எச்சரிக்கை வந்ததும் பிரேம்களை இறக்கி, துணி சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு, உயரமான அலமாரித் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். ஆபத்து நீங்கியதும் பையைக் கழற்றிவிடுங்கள், உள்ளே புழுங்கும்.

நீர் புகுந்துவிட்டால் காயும்வரை காத்திருக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே திறந்து படத்தை எடுங்கள், காய்ந்தால் கண்ணாடியோடு சேர்ந்துவிடும். சேறு பட்ட லேப் பிரிண்டைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முகம் மேலாகப் பருத்தித் துணியில், நிழலில் உலர்த்துங்கள். இங்க்ஜெட் படத்தை மட்டும் நீரில் நனைக்காதீர்கள், மை கரையும். இரண்டு நாளுக்குள் எல்லாம் உலர்ந்தாக வேண்டும், அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாவிட்டால் நெகட்டிவோ வேறு பிரதியோ இல்லாத படங்களை முதலில் எடுங்கள்.